நடமாடும் இலவச உணவு விநியோகம்: வாங்க வருபவர்களும் உதவ வருபவர்களும் கேட்கும் கேள்விகள்

வரிசையில் நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள் உண்டு, வண்டியிலிருந்து பெட்டி இறக்குபவர்கள் கேட்கும் கேள்விகளும் உண்டு. இரண்டையும் பிரிக்காமல் இங்கே சேர்த்தே போட்டிருக்கிறேன். ஒரு தரப்பின் கேள்வி இன்னொரு தரப்புக்குத் தெரிந்தால் வரிசையில் நடக்கும் பாதி மனக்கசப்பு குறையும்.

நடமாடும் உணவு விநியோகம் என்றால் என்ன? உணவு வங்கியும் இதுவும் ஒன்றா?

ஒரு லாரியோ வேனோ உணவுப் பொருள்களை ஏற்றிக்கொண்டு, தேவை அதிகமுள்ள பகுதிக்கே வரும். மைதானம், பள்ளி வாசல், வழிபாட்டுத் தலத்தின் வளாகம் என்று ஏதாவது ஓர் இடத்தில் ஓரிரு மணி நேரம் நின்று, வருகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போகும். பெரும்பாலும் மளிகையும் காய்கறி பழமும்தான். சில வண்டிகளில் சமைத்த சாப்பாடும் வரும்.

உணவு வங்கி என்பது இந்த வண்டிக்குப் பின்னால் இருக்கும் கிடங்கு. கடைகள், ஆலைகள், விவசாயிகள், அரசு ஆகியோரிடமிருந்து பொருளை வாங்கிச் சேர்த்து, பிரித்து, அனுப்புகிற இடம். இப்படி ஒரு கிடங்கை முதலில் தொடங்கியவராகச் சொல்லப்படுபவர் ஜான் வான் ஹெங்கல். 1967இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் செயின்ட் மேரீஸ் உணவு வங்கியை ஆரம்பித்தார். கடைகளின் குப்பைத் தொட்டியில் கிடைத்த நல்ல உணவை வைத்தே பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்ட ஒரு தாய், பணத்தைப் போல உணவையும் போடவும் எடுக்கவும் ஓர் இடம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று சொன்னாராம். அதிலிருந்துதான் யோசனை பிறந்தது என்பது அவர் சொன்ன கதை. ஐரோப்பாவில் முதல் உணவு வங்கி 1984இல் பாரிஸில் வந்தது.

நிரந்தரமான இடத்தில் கொடுத்தால் போதாதா? வண்டி எதற்கு?

நியாயமான கேள்வி. வண்டி என்றால் எரிபொருள், ஓட்டுநர், பழுது என்று செலவு கூடத்தான் செய்யும். ஆனால் பசியில் இருக்கும் குடும்பத்துக்குப் பெரும்பாலும் பேருந்துக் காசும் கணக்குதான். இலவசப் பொருளை வாங்க இரண்டு பேருந்து மாறிப் போய், கைக்குழந்தையோடு கனமான பையைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டுமென்றால் அது இலவசம் ஆகாது. முதியவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் அந்தப் பயணம் நடக்கவே நடக்காது.

நேரம் இன்னொரு காரணம். நிரந்தர மையங்கள் பல பகல் வேலை நேரத்தில்தான் திறந்திருக்கும். நாள்கூலிக்குப் போகிறவர் அந்த நேரத்தில் வந்தால் அன்றைய கூலி போச்சு. வண்டி மாலையில் வரலாம், விடுமுறை நாளில் வரலாம், வேலை முடிந்து ஆட்கள் திரும்பும் வழியிலேயே நிற்கலாம்.

அப்புறம், காய்கறி, பால், பழம் எல்லாம் காத்திருக்காது. குளிர்சாதன வசதி இல்லாத ஒரு சின்ன மையத்துக்கு ஒரு லாரி கீரையை அனுப்பினால் மறுநாள் பாதி குப்பைக்குப் போகும். அதே லாரி நேராக மக்களிடம் போய் நின்றால் இரண்டு மணி நேரத்தில் எல்லாம் வீடுகளுக்குள் போய்விடும். கெட்டுப்போகிற, ஆனால் உடம்புக்கு வேண்டிய உணவைக் கொண்டு சேர்ப்பதில் வண்டியை எந்த மையமும் மிஞ்சாது.

யார் வந்து வாங்கலாம்? எனக்கு வேலை இருக்கிறதே, வரலாமா?

வரலாம். வேலை இருப்பதும் மாதக் கடைசியில் அடுப்பு எரிவதும் வேறு வேறு விஷயங்கள். மருத்துவச் செலவு வந்த மாதம், வாடகை ஏறிய மாதம், வேலை நேரம் குறைக்கப்பட்ட மாதம் என்று வரிசைக்கு வருகிறவர்களில் சம்பளக்காரர்கள் நிறைய பேர் உண்டு.

உணவுப் பற்றாக்குறையை அளக்க ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு எட்டுக் கேள்விகள் வைத்திருக்கிறது. முதல் கேள்வியே சாப்பாடு போதாமல் போய்விடுமோ என்ற கவலை இருந்ததா என்பதுதான். நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தீர்களா என்பது கடைசிக் கேள்வி. அந்தக் கடைசிக் கேள்விக்கு வந்து சேரும்வரை காத்திருந்துதான் வரிசையில் நிற்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அடையாள அட்டை, வருமானச் சான்று கேட்பார்களா?

இடத்துக்கு இடம் மாறும். பெரும்பாலான வண்டிகளில் குடும்பத்தில் எத்தனை பேர், எந்தப் பகுதி என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அரசு கொடுத்த பொருள் வண்டியில் இருந்தால் அதற்கென்று ஒரு படிவம் இருக்கலாம். அமெரிக்காவில் டெஃபாப் என்ற அரசுத் திட்டப் பொருளுக்கு வருமான வரம்பு உண்டு. ஆனால் பல மாநிலங்களில் உங்கள் வருமானத்தை நீங்களே சொன்னால் போதும், காகிதம் எதுவும் காட்ட வேண்டியதில்லை.

நடத்துபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கும் ஒவ்வொரு காகிதமும் கொஞ்சம் பேரை வீட்டிலேயே நிறுத்திவிடும். அப்படி நின்றுவிடுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்ல. முகவரிச் சான்று இல்லாத வாடகைக்காரர், ஊர் விட்டு ஊர் வந்த தொழிலாளி, கணவனிடமிருந்து தப்பி வந்த பெண் போன்றவர்கள்தான். எதற்கு என்று உங்களுக்கே விளக்கத் தெரியாத விவரத்தைக் கேட்காதீர்கள். வாங்க வருகிறவர்களும் “இந்த விவரம் எதற்கு, யார் பார்ப்பார்கள்?” என்று தாராளமாகக் கேட்கலாம்.

வெட்கமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்?

இந்தக் கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. வண்டி கிளம்பும் நேரத்துக்கு ஓரமாக வந்து நிற்பவரின் முகத்தில் இருக்கும். உங்களைப் பார்க்கிற தெரிந்தவரும் அதே வரிசையில்தான் நிற்கிறார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அது போதாதென்றால் வேறு பகுதிக்கு வரும் வண்டிக்குப் போகலாம், பல அமைப்புகள் அதை அனுமதிக்கின்றன. சாதாரணக் கடைப் பை ஒன்றைக் கையோடு கொண்டுவந்தால், திரும்பும்போது கடையிலிருந்து போவது போலத்தான் இருக்கும்.

தன்னார்வலர்கள் இதில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அமைப்பின் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சடித்த பையில் பொருள் கொடுக்காதீர்கள். “அடுத்த ஆள்” என்று கூப்பிடாமல் “வாங்க” என்று சொல்லுங்கள். நன்றியை எதிர்பார்த்து முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

ஒரு முறை கிடைப்பது எத்தனை நாளுக்கு வரும்?

பெரும்பாலும் சில நாளுக்கு. நெருக்கடிக் காலத்து உணவு உதவிக்குத் திட்டமிடும்போது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோ கலோரி என்பதுதான் உலக அளவில் வைத்துக்கொள்ளும் கணக்கு. நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு அந்தக் கணக்கில் பொருள் கொடுத்தால் ஒருவர் தூக்கிக்கொண்டு போவது கஷ்டம். எனவே இது வீட்டுச் சமையலுக்கு ஒரு கை கொடுப்பது, அவ்வளவுதான். பொருள் வாங்குவதில் மிச்சமான பணம் மருந்துக்கோ வாடகைக்கோ போகும். பல குடும்பங்களுக்கு அதுதான் உண்மையான உதவி.

அதனால்தான் பெட்டி எவ்வளவு பெரியது என்பதைவிட அடுத்த வண்டி எப்போது என்பதை முக்கியமாக நினைக்கிறேன். மாதம் இரண்டு முறை, அதே நாள், அதே இடம் என்று உறுதியாகத் தெரிந்தால் அதை நம்பி ஒரு வீட்டில் கணக்குப் போட முடியும். ஒரே ஒரு நாள் மூட்டை மூட்டையாகக் கொடுத்துவிட்டுக் காணாமல் போகும் வண்டியை வைத்து யாரும் எதையும் திட்டமிட முடியாது.

கொடுத்ததில் சிலது எங்கள் வீட்டில் ஆகாது. திருப்பித் தரலாமா?

தாராளமாக. ஒவ்வாமை, நீரிழிவு, மத நம்பிக்கை, குழந்தையின் வயது என்று காரணம் எதுவாக இருந்தாலும் சரி, வெறுமனே பிடிக்காது என்றாலும் சரி. நீங்கள் திருப்பி வைப்பது இன்னொருவருக்குப் போகும். வீட்டுக்குக் கொண்டுபோய் வீணாவதைவிட இது நல்லது.

எல்லோருக்கும் ஒரே மாதிரி கட்டிய பெட்டியைக் கொடுப்பது வேகமான முறை. மேசைகளில் பரப்பி வைத்து, வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்ள விடுவது கொஞ்சம் மெதுவானது. இடமும் ஆளும் இருந்தால் இரண்டாவதுதான் என் ஓட்டு. தன் வீட்டில் எது சமையலாகும் என்று பெட்டி கட்டியவரைவிடச் சமைப்பவருக்குத்தான் தெரியும். அடுப்பே இல்லாத அறையில் தங்கியிருப்பவரிடம் ஐந்து கிலோ தானியத்தைக் கொடுத்து என்ன பயன்?

தேதி முடிந்த பொருளைத் தருகிறார்களே, சாப்பிடலாமா?

எந்தத் தேதி என்று பாருங்கள். “இந்தத் தேதிக்கு முன் சிறந்தது” என்பது சுவையும் தரமும் பற்றியது. உலர்ந்த பொருளும் டின்னில் அடைத்ததும் சரியாக வைக்கப்பட்டிருந்தால் அந்தத் தேதிக்குப் பிறகும் சாப்பிடலாம். “இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்” என்பது வேறு. இறைச்சி, மீன் போன்ற சீக்கிரம் கெடும் பொருள்களில் பாதுகாப்பைக் கருதிப் போடுவது அது, அந்தத் தேதி தாண்டினால் வேண்டாம். குழந்தைகளுக்கான பால் மாவில் எந்தத் தேதி போட்டிருந்தாலும் அதைத் தாண்டியதை வாங்காதீர்கள். தேதி எப்படி இருந்தாலும் டின் உப்பியிருந்தால், கசிந்தால், மடிப்பில் ஆழமாக நசுங்கியிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

சமைத்த சாப்பாடு கொடுக்கும் வண்டியில் எதைக் கவனிக்க வேண்டும்?

சூடான சாப்பாடு 60 டிகிரி செல்சியஸுக்கு மேலும், குளிர வைக்க வேண்டியது 5 டிகிரிக்குக் கீழேயும் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இடைப்பட்ட சூட்டில் கிருமி வேகமாகப் பெருகும். சமைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, கடும் வெயிலில் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். விருந்து மண்டபத்தில் மிஞ்சிய சாப்பாட்டை எடுத்துப் போகும் வண்டிகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். சாப்பாடு எப்போது அடுப்பிலிருந்து இறங்கியது என்று கேட்காமலே ஏற்றிக்கொள்கிறார்கள். நேரம் தெரியாவிட்டால் மறுத்துவிடுங்கள், கொடுப்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி. “பசியோடு இருப்பவருக்கு இதுவே பெரிது” என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஏற்கெனவே உடம்பு நொந்தவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அது இன்னும் ஆபத்து.

வாங்கியவர்கள் அப்போதே சாப்பிடுவது நல்லது. வீட்டுக்குக் கொண்டுபோனால் ஆவி பறக்கும்படி நன்றாகச் சூடாக்கிவிட்டுச் சாப்பிடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் சேர்த்து வாங்கலாமா?

பெரும்பாலான இடங்களில் முடியும். சில இடங்களில் அவர் கையெழுத்திட்ட ஒரு சீட்டு கேட்பார்கள், முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள்.

எத்தனை மணிக்கு வந்தால் நல்லது?

அறிவித்த நேரத்துக்கு. மூன்று மணி நேரம் முன்னால் வந்து வெயிலில் நிற்பது யாருக்கும் நல்லதில்லை. ஆனால் சீக்கிரம் வந்தவருக்குத்தான் கிடைக்கும் என்று ஆகிவிட்டால் மக்கள் சீக்கிரம்தான் வருவார்கள், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தின்போது, அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் ஒரே நாள் விநியோகத்துக்கு ஏறத்தாழ 10,000 குடும்பங்கள் வந்தன. கார்கள் வரிசை வரிசையாக நின்ற அந்தப் படத்தை உலகமே பார்த்தது. முந்தின இரவே வந்து காத்திருந்தவர்களும் உண்டு.

இதைத் தவிர்க்க டோக்கன் முறைதான் வழி. நேரம் எழுதிய டோக்கனை முன்பே கொடுத்துவிட்டால் கூட்டம் பரவலாகும். டோக்கனை போன் மூலம் மட்டும் கொடுக்காதீர்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவர்தான் இந்த வண்டி அதிகம் தேவைப்படுகிறவர். முதியவர், கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி ஆகியோருக்குத் தனி வரிசையும் உட்கார நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் கட்டாயம்.

இலவசம் என்கிறீர்கள். பதிலுக்கு என்ன கேட்பீர்கள்?

ஒன்றும் கேட்கக் கூடாது. பணம், ஓட்டு, பிரார்த்தனை, கூட்டத்துக்கு வருகை, எதுவும். நடத்துவது கட்சியாகவோ மத அமைப்பாகவோ இருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் உணவை வாங்க ஓர் உரையைக் கேட்டாக வேண்டும் என்றால் அதற்குப் பெயர் இலவசமல்ல. யாராவது பணம் கேட்டால் அமைப்பிடம் புகார் சொல்லுங்கள். உண்மையான விநியோகத்தில் பதிவுக் கட்டணம் கிடையாது.

போட்டோ எடுக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லலாமா?

சொல்லலாம், அதற்காக உங்களுக்குப் பொருள் மறுக்கக் கூடாது. நன்கொடையாளருக்குக் காட்ட ஏதாவது வேண்டுமென்று நடத்துபவர்கள் சொல்வார்கள். வண்டியை எடுங்கள், அடுக்கிய பெட்டிகளை எடுங்கள், வேலை செய்யும் தன்னார்வலரை எடுங்கள். ஒரு குழந்தை கையில் பையோடு நிற்கும் படம் பல வருஷம் கழித்தும் இணையத்தில் கிடக்கும் என்பதை எடுப்பவர் யோசிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் மிஞ்சியதைக் கொண்டுவந்து கொடுக்கலாமா?

பிரிக்காத, தேதி தெளிவாக உள்ள மளிகைப் பொருள் என்றால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். வீட்டில் சமைத்ததை வாங்கமாட்டார்கள். மனம் நோக வேண்டாம், அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று அடுத்தவருக்கு உறுதியாகச் சொல்ல அவர்களால் முடியாது. பணமாகக் கொடுத்தால் இன்னும் நல்லது, மொத்த விலையில் எதெது குறைகிறதோ அதை வாங்குவார்கள்.

நாங்கள் கடை வைத்திருக்கிறோம். கொடுத்த பொருளால் யாருக்காவது உடம்புக்கு வந்தால் வழக்கு வருமா?

இந்தப் பயத்தால்தான் நல்ல உணவு நிறைய குப்பைக்குப் போகிறது. பல நாடுகள் இதற்காகவே சட்டம் கொண்டுவந்திருக்கின்றன. அமெரிக்காவில் 1996இல் வந்த சட்டம், நல்லெண்ணத்தோடு கொடுப்பவரைக் கடும் அலட்சியம் இல்லாத வரை வழக்கிலிருந்து காக்கிறது. இத்தாலியில் 2003இல் இதே போன்ற சட்டம் வந்தது. பிரான்ஸ் 2016இல் ஒரு படி மேலே போனது. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பல்பொருள் அங்காடிகள் விற்காத நல்ல உணவை வேண்டுமென்றே அழிக்கக் கூடாது, தொண்டு அமைப்புகளோடு ஒப்பந்தம் போட வேண்டும் என்று விதித்தது. இந்தியாவில் உபரி உணவைச் சேகரித்து விநியோகிப்பதற்கென்று 2019இல் தனி ஒழுங்குமுறை வந்தது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு, கொடுத்த பொருள், தேதி, அளவு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

நாங்களும் ஒரு வண்டி தொடங்கலாம் என்று இருக்கிறோம். எதில் ஆரம்பிப்பது?

வண்டி வாங்குவதில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் அந்தப் பகுதியில் போய்ப் பேசுங்கள். பள்ளி ஆசிரியர், செவிலியர், தெருமுனைக் கடைக்காரர், இவர்களுக்கு எந்த வீட்டில் எந்த வாரம் கஷ்டம் என்று தெரியும். ஏற்கெனவே அங்கே யாராவது கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஒரே தெருவுக்கு மூன்று வண்டி போய், அடுத்த குடியிருப்புக்கு ஒன்றும் போகாமல் இருப்பது சாதாரணமாக நடப்பதுதான்.

அடுத்தது இடம். லாரி திரும்ப வேண்டும், வரிசை சாலைக்கு வராமல் நிற்க வேண்டும், மழை பெய்தால் ஒதுங்க வேண்டும், கழிப்பறை பக்கத்தில் இருக்க வேண்டும். இடத்துக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகுதான் பொருளும் வண்டியும். வாடகை வண்டியிலேயே சில மாதம் ஓட்டிப் பாருங்கள். பொருளுக்கு ஒரே ஒரு நன்கொடையாளரை நம்பாதீர்கள், அவர் கை விரித்த அன்று வண்டி நிற்கும். உணவு வங்கி பக்கத்தில் இருந்தால் அதோடு சேர்ந்துகொள்வதுதான் சுலபம்.

ஆட்கள் விஷயத்தில், முதல் நாள் ஐம்பது பேர் வருவார்கள், போட்டோவும் எடுப்பார்கள். நான்காவது மாதம் மழை நாளில் வருகிற ஆறு பேரை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். ஆறு பேரால் மாதம் ஒரு முறைதான் முடியும் என்றால் மாதம் ஒரு முறை என்றே அறிவியுங்கள். வாரா வாரம் என்று சொல்லிவிட்டு இரண்டு வாரம் வராமல் போனால், மூன்றாம் வாரம் நீங்கள் வந்தாலும் வரிசையில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். வாங்க வருகிறவர்களில் உதவ விரும்புகிறவர்கள் இருப்பார்கள், அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரிசையை அவர்களைப் போல யாராலும் நடத்த முடியாது.

“இத்தனை ஆயிரம் சாப்பாடு கொடுத்தோம்” என்கிறார்கள். எப்படி எண்ணுகிறார்கள்?

பெரும்பாலும் எண்ணுவதில்லை, எடை போடுகிறார்கள். அமெரிக்க உணவு வங்கிகளில் 1.2 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 545 கிராம், ஒரு சாப்பாடு என்று கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு லாரி தர்ப்பூசணி ஆயிரக்கணக்கான சாப்பாடாக மாறிவிடும். பொய் என்று சொல்லவில்லை, ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து நன்கொடை கொடுக்காதீர்கள். சென்ற ஆறு மாதத்தில் அறிவித்த நாளில் எத்தனை முறை வண்டி வராமல் போனது என்று கேளுங்கள். பதில் தயாராக வைத்திருப்பவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்கிறவர்கள்.

ஒருவரே இரண்டு முறை வாங்குகிறாரே, தடுக்க வேண்டாமா?

சிலர் செய்வார்கள். அவர்கள் வீட்டில் எட்டுப் பேர் இருக்கலாம், அல்லது வாங்கி விற்கவும் செய்யலாம். டோக்கனும் குடும்ப எண்ணிக்கையும் இருந்தால் பெரும்பகுதி தானாகக் குறையும். மீதியைத் தடுக்க விரலில் மை, கேமரா என்று போனால், அதற்கு ஆகும் செலவில் இன்னும் பத்துப் பெட்டி கட்டலாம். நேர்மையாக வரும் மற்றவர்களும் சந்தேகத்தோடு பார்க்கப்படுவார்கள். விட்டுவிடுங்கள்.

இப்படிக் கொடுப்பதால் பசி ஒழியுமா?

ஒழியாது. ஐ.நா. மதிப்பீட்டின்படி 2024இல் உலகில் ஏறத்தாழ 67 கோடிப் பேர் பசியில் இருந்தார்கள். 2022இல் மட்டும் வீடுகளிலும் கடைகளிலும் உணவகங்களிலுமாக 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. பொருள் உலகில் இருக்கிறது, வாங்கக் கையில் காசில்லை. கூலி, வாடகை, மருத்துவச் செலவு, போர், பஞ்சம், ஓய்வூதியம் பற்றியெல்லாம் அரசுகள் எடுக்கும் முடிவுகளுக்கு வண்டி மாற்றாகாது. வண்டி ஓடுகிறதே என்று ஒரு அரசு தன் ரேஷனையோ உதவித்தொகையையோ குறைத்தால் அதை எதிர்த்துப் பேச வேண்டியவர்களில் வண்டி ஓட்டுகிறவர்களும் உண்டு. யார் வருகிறார்கள், ஏன் வருகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் நேரில் தெரியும்.

என் முறை வருவதற்குள் பொருள் தீர்ந்துவிட்டால்?

நடக்கும். நல்ல குழு என்றால் வரிசையின் எந்த இடம்வரை பொருள் இருக்கிறது என்பதை முன்கூட்டியே எண்ணிச் சொல்லிவிடும், கடைசிவரை நிற்க வைக்காது. உங்கள் பெயரைக் குறித்துக்கொண்டு அடுத்த முறை முதலில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்தில் வேறு எங்கே கிடைக்கும் என்ற பட்டியல் வண்டியிலேயே ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். வீட்டில் இன்று இரவுக்கே ஒன்றுமில்லை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சில வண்டிகளில் இதற்கென்று இரண்டொரு பை ஒதுக்கி வைத்திருப்பார்கள்.